ஹேமாவின் தலையில் விளக்கெண்ணெய்

முடியை நேராக்கும் மிஷினில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்தது. சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். கல்யாணப் பெண் ஹேமா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை வரவேற்பு, மறுநாள் காலை மலைக்கோயிலில் முகூர்த்தம். பின்கழுத்துப் பக்கமிருந்து ஒரு கத்தை முடியைப் பிரித்து எடுத்தேன். கை வழுக்கியது.

மறுபடி எடுத்தேன். மறுபடியும் வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசனை தெரியாத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே நொடியில் ஞாபகத்துக்கு வந்தன.

விளக்கெண்ணெய்!

"யாரு இத வெச்சது?" என்று நான் போட்ட சத்தத்தில் ஹேமா கண்ணைத் திறந்துவிட்டாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் பெரியம்மா ராஜம்மா, மடியில் இருந்த கட்டைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் தாங்க வெச்சேன். நீங்க உள்ள போயி ஒயரு மாட்டிகினு இருந்தீங்களே, அப்ப. மிஷினு கொதிக்குது இல்ல? புள்ள தல சூடு தாங்கணுமே."

நான் மிஷினை அணைத்தேன். இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டேன். கையில் மிஷினோடு கோபப்படக்கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு கை எண்ணெய்க்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். அது எந்தத் தலை என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

மொட்டை ஊரில் முடிக்கு ஒரு கடை

திருத்தணியில் பார்லர் வைக்கப்போகிறேன் என்றதும் மணவூரிலிருந்து என் நைனா புறப்பட்டு வந்துவிட்டார். கடையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாசலில் போய் நின்றார். மலையிலிருந்து ஒரு குடும்பமே மொட்டை போட்டு, சந்தனம் பூசி, இறங்கி வந்துகொண்டிருந்தது. அப்பா, அம்மா, இடுப்பில் குழந்தை, எல்லாம் மஞ்சள் உருண்டைகள்.

"இன்னாம்மா வனஜா, ஊரே முடிய குடுத்துட்டு போவுது. நீ முடிக்கு கடை போடறியே?"

"குடுத்தவங்களுக்கு தானே நைனா மறுபடி மொளைக்கும். மொளைச்சா எங்க போவாங்க? இங்க தான்."

நைனா சிரித்துவிட்டார். நிலத்தில் விதை போடும் மனிதருக்கு அந்தக் கணக்கு புரிந்துவிட்டது. என் முதல் கத்தரிக்கோல் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

உண்மையைச் சொன்னால், அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மொட்டைத் தலையோடு ஒருத்தி நிஜமாகவே என் கடைப் படி ஏறுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஏறினாள். அவள்தான் ஹேமா.

ஒரு ஆடிக் கிருத்திகை போய்க் கொஞ்ச நாள் இருக்கும். காவடிக் கூட்டம் வடிந்து, தெருவில் பூச்சரக் குப்பை மட்டும் மிச்சமிருந்த சமயம். சந்தனம் காயாத தலையோடு ஒரு பெண் உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இனிமே வர்ற முடிய நீங்க தான் பாத்துக்கணும்."

அப்போது கடையில் இருந்த மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆவி பறந்த காலைகள்

ஹேமாவுக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம். வீட்டில் தறி ஓடுகிறது. அவளுக்குச் சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை. விடிவதற்கு முன் எழுந்து, டவுன் பஸ் பிடித்துத் திருத்தணி வந்து, இங்கிருந்து ரயிலேற வேண்டும். கவுன்ட்டரில் நிற்கும் பெண்களுக்கு முடி நேராக, பளபளவென்று இருக்க வேண்டும் என்று அந்தக் கடையில் ஒரு வழக்கம். சுருள் முடிக்காரிகள் பாடு திண்டாட்டம்.

ஹேமா மலிவில் ஒரு மிஷின் வாங்கினாள். தினமும் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துவட்டக்கூட நேரமில்லாமல் ஈரத்தின் மேலேயே வைத்து இழுப்பாள். 'ஸ்ஸ்' என்று ஆவி பறக்கும். ஆவி வந்தால் மிஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். முடிக்குள் இருக்கிற தண்ணீர் கொதித்து, வெளியே வர வழி தேடி, முடியையே உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் அது.

வருஷம் திரும்புவதற்குள் முதுகில் கிடந்த முடி காதுக்கு வந்துவிட்டது. சீப்பு வைத்தால் பொரி பொரியாக உதிர்ந்தது. கடைசியில் அவள் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டாள்.

"முருகா, இருக்கறத நீ எடுத்துக்கோ, நல்லதா ஒண்ணு குடுன்னு கேட்டேன்கா" என்றாள். அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால், பழைய பாத்திரம் போட்டுப் புதுசு வாங்குகிற மாதிரிதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தலையில் எள் தூவின மாதிரி முளைத்திருக்கிறது. ஒளிக்க எதுவும் இல்லை, ஹேமாவும் முக்காடு போட மாட்டேன் என்றுவிட்டாள். பையனுக்குப் பிடித்துப்போயிற்று. பையனுடைய அம்மாதான் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்: "பொண்ணு நல்ல பொண்ணு தான். கல்யாணத்தன்னிக்கு பூ வெச்சா நிக்கணும் இல்ல? பூ நிக்கற அளவுக்கு வளரட்டும். அது வரைக்கும் பொறுத்துக்கலாம்."

மாப்பிள்ளைக்கும் அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஆக, இரண்டும் சேர்ந்து கல்யாணம் தள்ளிப்போனது. ஹேமாவுக்கு மட்டும், எல்லாம் தன் தலையால்தான் என்று மனசில் தைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளை வளர்த்தது அவள் அம்மா. அவள் முடியை வளர்த்தது நான். இதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்? நுனி வெடிக்கும் முன்பே வெட்டிவிட்டேன். ஈரத் தலையில் சீப்பு வைக்க விடவில்லை. அந்தத் துணிக்கடை வேலையையும் அவள் விட்டுவிட்டு, திருத்தணியிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள். வாரக் கடைசியில் வந்து கண்ணாடி முன்னால் திரும்பி நின்று, "எங்க வரைக்கும்கா வந்துக்குது?" என்று கேட்பாள். கழுத்து என்பேன். தோள் என்பேன். ரவிக்கைக் கழுத்தை அது தாண்டின அன்று இரண்டு பேரும் பஜாருக்குப் போய் ரோஸ்மில்க் குடித்தோம்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தலையில் விளக்கெண்ணெயைத் தடவி என் கையில் மிஷினையும் கொடுத்தால் கோபம் வருமா வராதா?

சித்தி பெண்ணின் இஸ்திரிப் பெட்டி

முடியைச் சுட்டு அழகு பார்க்கும் ஆசை இந்தக் காலத்துப் பெண்களோடு வந்தது என்று நினைக்காதீர்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் சித்தி பெண் ஜமுனா, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை வைத்தே அதைச் செய்தவள். பெஞ்சின் மேல் தலையைச் சாய்த்து, முடியை விசிறி மாதிரி பரப்பி, மேலே ஒரு ஈரத்துணி போட்டு, பாவாடையைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள்.

உள்ளே சமைத்துக்கொண்டிருந்த சித்தி, சோறு அடிப்பிடித்துவிட்டது என்று பானையை இறக்கிவிட்டார். சோறு நன்றாகத்தான் இருந்தது. வாசனை கூடத்திலிருந்து வந்தது.

ஜமுனா ஒரு பக்கம் பாதி முடியோடு ஒரு மாதம் திரிந்தாள். கேட்டவர்களிடம் பம்பாய் பேஷன் என்றாள். அவளுடைய தைரியத்தை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். ஆனால் மிஷினைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு முறையும் அந்த வாசனை என் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும்.

அதனால்தான் என் கடையில் ஒரு பழக்கம். மிஷின் சூடானதும் யார் தலையிலும் நேராக வைக்க மாட்டேன். அவர்கள் தலையை வாரும்போது சீப்பில் உதிரும் முடியை எடுத்து, முதலில் அதில் வைத்துப் பார்ப்பேன். அது சுருங்கினால், கருகினால், சூட்டைக் குறைப்பேன். முழுக்கக் காய்ந்த தலை, சூட்டுக்கென்றே உள்ள ஸ்பிரே, ஒரு கத்தைக்கு ஒரே இழுப்பு. இதற்குச் சம்மதம் என்றால் உட்காரலாம். "வனஜாக்கா ரொம்ப ஸ்ட்ரிக்டு" என்று ஊரில் பேச்சு. பேசட்டும்.

குளிர்ச்சி என்றால் குளிர்ச்சிதானே?

சரி, கடைக்குத் திரும்பி வருவோம்.

ராஜம்மா அப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மிஷினையும் அதோடு ஒரு தலை உலர்த்தும் டிரையரையும் கல்யாணப் பரிசாக வாங்கி வந்தவள் மாப்பிள்ளையின் அக்கா திவ்யா. சென்னையில் வேலை. அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அன்று மாலை ஒரே மாதிரி அலங்காரம்: மேலே நேராக இழுத்து, நுனியில் சுருட்டி விடுவது. முந்தின நாள் போனில், "அயர்ன் பண்றதுக்கு முன்னாடி சூடு தாக்காம தலைக்கு ஏதாவது போட்டுடணும், மறந்துடாதீங்க" என்று பெண் வீட்டாரை எச்சரித்தவளும் அவளே.

அவள் சொன்னது சரி. ராஜம்மா அதைக் கேட்டுக்கொண்டதும் சரி. ஆனால் சூடு தாக்காமல் இருக்கத் தலைக்கு என்ன வைப்பது என்று ராஜம்மாவுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? கண் எரிந்தால், காய்ச்சல் கண்டால், வயிறு சுட்டால், உச்சியில் வைப்பது எது? நம் வீடுகளில் குளிர்ச்சி என்றால் விளக்கெண்ணெய். அதைவிடக் குளிர்ச்சி இந்த உலகத்தில் இல்லை. வீட்டிலிருந்து பாட்டிலோடு வந்துவிட்டார்.

அதுவரை கடை மூலையில் போன் பார்த்துக்கொண்டிருந்த திவ்யா எழுந்து வந்தாள். "ஆயில் தானே அக்கா? வாஷ் பண்ணி டிரை பண்ணிட்டு அயர்ன் பண்ணிடலாம். டைம் இருக்கு."

"இருக்கற டைமுக்கு இந்த எண்ணெ முழுசா போவாதும்மா. பாதி நின்னுடும். அது மேல மிஷின் வெச்சா பொரியும்."

"கொஞ்சூண்டு ஆயில்ல என்ன ஆயிடப்போவுது? எல்லாருக்கும் ஒரே ஸ்டைல்னு பேசி வெச்சிருக்கோம். போட்டோவுல இவ மட்டும் வேற மாதிரி இருந்தா அம்மா என்னைத் தான் கேப்பாங்க."

வாதம் செய்து பயனில்லை. சீப்பைப் பார்த்தேன். ஹேமாவின் முடி நாலைந்து சிக்கியிருந்தது, எண்ணெயோடு. அதை விரலில் சுற்றி எடுத்தேன். மிஷினைப் போட்டேன். பச்சை விளக்கு வந்ததும் இடுக்கில் வைத்து ஒரு அழுத்து.

சடசடவென்று சத்தம். நூல் மாதிரி புகை. அப்புறம் அந்த வாசனை, ஜமுனாவின் இஸ்திரிப் பெட்டி வாசனை. பிரித்துப் பார்த்தால் முடி இல்லை, கருப்பாக ஒரு முடிச்சு.

"ஐயோ சாமி!" என்று ராஜம்மா எழுந்து நின்றுவிட்டார். "நான் குளிர்ச்சின்னு தானே வெச்சேன்!"

திவ்யா கருகின முடியைக் குனிந்து பார்த்தாள். ஆனாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அவள் பார்வை ஹேமாவிடம் போனது. ஹேமா சொல்ல வேண்டிய நேரம் அது. நாளைக்குக் காலடி வைக்கப்போகிற வீட்டின் முதல் மனுஷி எதிரில் நிற்கிறாள். என்னால் அவளுக்காகப் பேச முடியும். ஆனால் நான் பேசினால் அது பார்லர்க்காரி பேச்சு.

ஹேமா என் உள்ளங்கையில் இருந்த அந்தக் கருப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. மிஷின் வேணாம்" என்றாள். "ஒரு தடவ நான் இத எரிச்சிட்டேன். சாமி மறுபடி குடுத்துக்கிறாரு. மொட்டையா இருக்கசொல்லவே உங்க தம்பி என்னை புடிச்சிருக்குன்னு சொன்னாரு. சுருட்டையா இருந்தா வேணாம்னு சொல்லப்போறதில்ல."

திவ்யா தன் வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"சரி, இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க அக்கா."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கை முழுக்க எண்ணெய் என்பதால் விட்டுவிட்டேன்.

ஈரிழைத் துண்டு

முதலில் பயத்தமாவைத் தலையில் உலர்வாகவே தூவி, முடி நெடுக்கத் தேய்த்தோம். எண்ணெயை மாவு குடித்தது. அதைச் சீவி உதறிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். முடியைக் கசக்கவில்லை, முறுக்கவில்லை. துணியில் ஒற்றி எடுத்தேன். எண்ணெய் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு மினுமினுப்பு மட்டும் போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கடை டிரையர் பழசு, அனலைத் தவிர வேறொன்றும் ஊதாது. திவ்யாவின் புது டிரையரில் குளிர்ந்த காற்றுக்குத் தனியாக ஒரு பொத்தான் இருந்தது. அவளே பிடித்துக்கொண்டாள். கை மாற்றி மாற்றி, ஒரு முழம் தள்ளி நின்று, பொறுமையாக ஊதினாள். கை வலித்திருக்கும், டிரையரைக் கீழே வைக்கவில்லை.

அடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே முடியைப் பிரித்துத் துணியில் சுற்றிக் கட்ட வேண்டும். காய்ந்து பிரிக்கும்போது அலை அலையாக விழும். மிஷினே வேண்டாம். ஆனால் அதற்கு மெல்லிய பருத்தித் துணி வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் தடித்த டர்க்கி டவல்கள். முடிச்சுப் போட்டால் நிற்காது.

ராஜம்மா தன் கட்டைப்பையைத் திறந்தார். உள்ளே, மாப்பிள்ளைக்கு முறை வைக்கவென்று தன் தறியில் நெய்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்த ஈரிழைத் துண்டு. மெல்லிசு. ஓரத்தில் சிவப்புக் கரை.

"வேணாங்க, அது புதுசு" என்றேன்.

"தப்பு பண்ணது நானு தானே" என்றவர், பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். நூல் பிடித்து, ஒரு இழை கோணாமல், பட்டை பட்டையாக. தறிக்காரக் கை அது. "மாப்ளைக்கு வேற நெய்ஞ்சி குடுக்கறேன். புள்ளைக்கு முடிய நெய்ய முடியுமா?"

நான் சுற்றச் சுற்ற, அவர் கிழித்துக் கொடுத்தார். ஹேமாவின் தலை முழுக்கச் சிவப்புக் கரை முடிச்சுகள். மூன்று பேரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில் டீ கொண்டுவந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் கோலத்தோடேயே அவளுக்குச் சாதம் பிசைந்து ஊட்டினார் ராஜம்மா.

வெயில் இறங்கின பிறகு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவிழ்த்தேன். முதல் கத்தை தோளில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, அலையாக நின்றது.

திவ்யா, "ஐயோ, செமையா இருக்குக்கா" என்றாள். போனை எடுத்தாள். தன் தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் நான் கவனித்தேன்.

உள்ளங்கை

மண்டபத்தில் நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். வழக்கமாகப் பெண்ணை மேடையேற்றிவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பிவிடுவேன். அன்று கால் நகரவில்லை. பயம்தான். பூ நிற்க வேண்டும் என்று சொன்ன அந்த அம்மாள் மேடையில் இருந்தாரே.

மற்றப் பெண்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நேர்முடியோடு நின்றார்கள். ஹேமா மட்டும் வேறு. மாமியார் பார்த்தார். பக்கத்தில் வந்தார். எல்லோர் முன்னாலும் ஹேமாவின் பின்னந்தலையில் விரலை விட்டு, மேலிருந்து கீழாக, நிதானமாகக் கோதினார். விரல் எங்கும் தடுக்கவில்லை. நுனி வரை போய் வெளியே வந்தது.

அந்த அம்மாள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஒரு முடி இல்லை. விளக்கெண்ணெய் மினுமினுப்பு மட்டும்.

"நல்லா வளத்துகினு வந்துக்கிறே" என்றார்.

"நான் மட்டும் இல்லீங்க அத்தை" என்று ஹேமா கையை நீட்டி என்னைக் காட்டினாள். "அவங்களும் தான்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. நான் குனியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். இத்தனை வருஷம் கத்தரிக்கோல் பிடித்ததில் என் மனம் அப்படி நிறைந்தது அன்றுதான். நைனா அங்கே இருந்திருந்தால், மண்டபத்தில் ஒருவரையும் விடாமல் என் மகள் என் மகள் என்று சொல்லியிருப்பார்.

அதற்குள் ராஜம்மா மேடையோரம் போய் நின்றுகொண்டு, வருகிற சம்பந்தியம்மாக்களிடம் எல்லாம், "மினுக்குது பாத்தீங்களா? விளக்கெண்ண நான் தாங்க வெச்சேன்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. மினுமினுப்பு அவருடையதுதான்.

சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா வாசல் வரை வந்தார்.

"ஏம்மா, காத்தால முகூர்த்தத்துக்கு தலைக்கு இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாங்க. பின்னி, பூ மட்டும் வெச்சி விடுங்க."

"எவ்ளோ வெக்கலாம்?"

"எவ்ளோ வேணும்னாலும் வையுங்க" என்றேன். "நிக்கும்."